புதுப்பிப்பு: மண்டபம் படகுக் குழுவுக்கு எந்த அரட்டைச் செயலி?

மண்டபம், பாம்பன் கரைகளில் இருக்கும் எங்கள் படகுக்காரர்களுக்கு ஸ்லாக் என்ற நிறுவனச் செயலியா, அல்லது சொந்த சர்வரில் நடத்தக்கூடிய திறந்த அரட்டை முறைகளான எக்ஸ்எம்பிபியா (XMPP), மேட்ரிக்ஸா என்று முன்பு கேட்டிருந்தேன். எக்ஸ்எம்பிபி என்று முடிவாயிற்று.

கடலில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். செயலியும் சர்வரும் எக்ஸ்எம்பிபியின் 0198 என்ற எண்ணுள்ள கூடுதல் வசதியை (XEP-0198) ஆதரித்தால், அறுந்த இணைப்பு கொஞ்ச நேரத்துக்குள் திரும்பினால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். நடுவில் வந்த செய்தி தொலையாது. எங்களுக்கு இதுதான் உயிர்.

ஸ்லாக் பழக எளிது. ஆனால் 2018-இல் ஐஆர்சி (பழைய அரட்டை முறை), எக்ஸ்எம்பிபி செயலிகள் வழியாக ஸ்லாக்குக்குள் வரும் வாசல்களை அடைத்துவிட்டார்கள். இலவசக் கணக்கில் 90 நாளுக்கு முந்தைய பேச்சும் தெரியாது.

மேட்ரிக்ஸ் மேல் இன்னும் ஆசை உண்டு: அறையின் வரலாறு பங்கேற்கும் சர்வர்களிலெல்லாம் இருப்பதால், ஒன்று படுத்தாலும் மற்றவர்கள் பேசலாம். ஆனால் எங்கள் சின்ன வாடகை சர்வர் அந்தப் பாரம் தாங்காது.

பழைய போன்களில் குரல் செய்தி மட்டும் தடுமாறுகிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.