தோல் முடிச்சு ஸ்லைடு: டெர்மட்டோஃபைப்ரோமாதானா?

ஸ்லைடு பார்த்துப் பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள். தொடையிலிருந்து எடுத்த ஒன்றரை சென்டிமீட்டர் முடிச்சு. டெர்மிஸில் (உள்தோலில்) கதிர் வடிவ செல்கள் பாய் பின்னியது போலக் கிடக்கின்றன. மேல்தோல் தடித்திருக்கிறது, ஓரத்தில் தடித்த கொலாஜன் இழைகளைச் செல்கள் சுற்றி வளைத்திருக்கின்றன. சரி, டெர்மட்டோஃபைப்ரோமா (தோலில் வரும் தீங்கற்ற கட்டி) என்று எழுதிவிடலாம் என நினைத்தேன்.

ஆனால் அடியில் ஒரு மூலையில் செல்கள் கொழுப்புக்குள் இறங்குகின்றன. தேன்கூடு மாதிரி ஊடுருவினால் டி.எஃப்.எஸ்.பி. (டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டூபெரன்ஸ் என்ற தோல் புற்றுநோய்) ஆச்சே! இங்கே அப்படியா, வெறும் நீட்சியா? (பத்து தடவை பார்த்தால் எல்லாமே தேன்கூடாகத்தான் தெரிகிறது.) சிடி34 சாயம் (டி.எஃப்.எஸ்.பி. செல்களில் பொதுவாகப் பிடிப்பது) நடுவில் பிடிக்கவில்லை, ஓரத்தில் மட்டும் லேசாக இருக்கிறது. மைட்டோசிஸ் (செல் பிரிதல்) அரிது.

பிளாக்கை (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியை) இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கவா, இல்லை ஃபேக்டர் 13ஏ சாயம் (டெர்மட்டோஃபைப்ரோமாவில் பொதுவாகப் பிடிப்பது) போடவா? நீங்களாக இருந்தால் முதலில் எதைச் செய்வீர்கள்?