உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களை எங்கே பார்த்தீர்கள்?

தோட்டத்துப் பையன், சுங்கை சிப்புட்

ஈஸ்டர் அன்று விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி பிடித்துப் பாடுகிறோம். அந்த நம்பிக்கை திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது எப்படி இருக்கும்? யாரிடமாவது அதைக் கண்ணால் பார்த்திருந்தால் எழுதுங்கள். நான் என் அத்தையிடம் பார்த்தேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு தண்டல் தாத்தா இருந்தார்; வேலையாட்களை மேய்க்கிற மேற்பார்வையாளர். பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, பெண்களைக் கூசும்படி ஏசுவார். ரப்பர் பால் குறைந்தால் வாளியை எட்டி உதைப்பார். அத்தை அவரிடம் வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை. வயதான காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மனைவி இல்லை, பிள்ளைகள் கோலாலம்பூரில். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதைக் கொட்டிவிட்டு வந்து, தினமும் அவரைத் துடைத்துவிட்டு, நகம் வெட்டி, வேட்டி மாற்றிவிட்டது அத்தைதான். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் அவர்தான்.

"அவர் பேசினதெல்லாம் மறந்துட்டீங்களா அத்தை?" என்று கேட்டேன். எனக்கு அப்போது பதினைந்து வயது, கோபமான வயது.

"எப்படிடா மறக்கும்? ஆனா இந்த உடம்ப ஆண்டவர் ஒருநாள் எழுப்பப் போறார். அவர் எழுப்பப் போறத நான் அழுக்கா போட்டு வைக்கலாமா?"

தாத்தா முருக பக்தர், கடைசிவரை அப்படித்தான் இருந்தார். துடைத்து முடித்ததும் விபூதித் தட்டை எடுத்து அவர் கையருகே வைப்பதும் அத்தைதான். சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதல்" என்று வாரா வாரம் சொல்கிறோம். ஆனால் மனதுக்குள் ஆத்துமா மேலே போய்விடும், உடம்பு வெறும் கூடு என்றுதான் நினைக்கிறோம். உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்கள் முன்னால் மீன் சாப்பிட்டார். ஆணி பாய்ந்த காயத்தைத் தோமாவுக்குக் காட்டினார். அந்தத் தழும்புகள் மறையவில்லை. அத்தையின் விரல்களில் பால் கறை கறுத்துப் போய்க் கிடக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தக் கைகளும் எழும் என்று நான் நம்புகிறேன். ஒருவருடைய உடம்பை, அவர் பசியை, அவர் புண்ணை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் இந்த விசுவாசம் தெரியும்.

செம்பனை லாரி ஓட்டுநர்

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மார்ச் 18-இல் இங்கே மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 12, கோயில் பூட்டிக் கிடந்தது. எங்கள் போதகர் போனில் ஜெபித்துவிட்டு, "1 கொரிந்தியர் 15 படிச்சீங்களா? அப்படியே 16-ஐயும் படிங்க" என்றார். உயிர்த்தெழுதலைப் பற்றி 58 வசனம் எழுதிய பவுல், உங்கள் பிரயாசம் வீண்போகாது என்று முடித்துவிட்டு, அடுத்த வரியிலேயே எருசலேமில் இருக்கும் விசுவாசிகளுக்குப் பணம் சேர்ப்பதைப் பற்றிப் பேசுகிறார். அதிகாரப் பிரிவெல்லாம் பிற்காலத்தில் வந்ததுதானே, அவர் ஒரே கடிதமாகத்தான் எழுதினார்.

எனக்கு லாரி ஓட்ட அனுமதி இருந்தது. போகிற வழியில் நாள்கூலி நின்றுபோன ஆறு வீடுகளுக்கு அரிசியும் முட்டையும் இறக்கி வைத்தேன். நோய் தொற்றிவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் போனேன்.

ஞாயிறு பள்ளி டீச்சர்

உங்கள் அத்தையை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், தம்பி. என் அனுபவம் வேறு மாதிரி.

அப்பா இறந்தபோது ஒரு மூப்பர் என்னிடம், "உயிர்த்தெழுவார்னு நம்புறவங்க அழக்கூடாது" என்றார். சரி என்று அடக்கிக்கொண்டேன். இரண்டு வருடம் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தூக்கமும் வரவில்லை. அவர் சொன்னது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இறந்துபோன நண்பன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு கத்தோலிக்கப் பாட்டி. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கல்லறையில் அந்தப் பாட்டி மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

"மறுபடி பார்ப்போம்னு நம்பிக்கை இல்லையா பாட்டி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கோபப்படவில்லை. "பார்ப்பேன்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இன்னைக்குப் பார்க்க முடியலியே, அதுக்குத்தான் அழுறேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா போனதற்கு அன்றுதான் அழுதேன். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பா கல்லறையில் மண்டியிருந்த லாலான் புல்லை இரண்டு பேருமாகப் பிடுங்கினோம்.