மரவட்டை வளர்ச்சி: ‘உருமாற்றம்’ வேண்டாம், ‘வளையச்சேர்ப்பு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மரவட்டை வளரும் முறைக்கும் ‘உருமாற்றம்’ என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கம்பளிப்புழு பட்டாம்பூச்சி ஆவதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்தாகிவிட்டது. மரவட்டையில் நடப்பது வேறு.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குப் பொதுவாக மூன்று இணைக் கால்கள்தான், வளையங்களும் சிலவே. பார்த்தால் ஏதோ பூச்சி என்றுதான் நினைப்போம். தோலுரிக்கும்போது வால்முனைக்குச் சற்று முன்னால் புது வளையங்கள் முளைக்கும். அப்போது அவற்றில் கால் இருக்காது. அடுத்த தோலுரிப்பில் அந்த மொட்டை வளையங்கள் எல்லாம் கால் பெற்றுவிடும், பின்னால் புதிய மொட்டை வளையங்கள் வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் நிலத்தடியில் கிடைத்து 2021இல் அறிவிக்கப்பட்ட இனத்தில், ஒரு பெண்ணுக்கு 1306 கால்கள் சேர்ந்தது இப்படித்தான்.

அதனால் என் பரிந்துரை ‘வளையச்சேர்ப்பு’. இதற்கு மாற்றாக ‘கணுப்பெருக்கம்’ என்றும் சொல்லலாம், காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணுக்காலி என்னும்போது கணு காலின் மூட்டைக் குறிக்கிறது. தவிர, மரவட்டையின் பெரும்பாலான வளையங்கள் இரண்டு கண்டங்கள் (உடல் துண்டுகள்) ஒன்றாக இணைந்தவை. வளையத்துக்கு இரண்டு இணைக் கால்கள் இருப்பதே அதனால்தான். அப்புறம் எதைக் கணு என்று எண்ணுவது? வளையத்தைக் கண்ணால் பார்த்தே எண்ணிவிடலாம். ‘வளைச்சேர்ப்பு’ என்று சுருக்கவும் வேண்டாம். மண்ணுக்குள் அறை அமைத்துத் தோலுரிக்கும் உயிரி இது, வளை என்றால் பொந்து என்றே படிப்பார்கள்.

இந்த வளர்ச்சியில் மூன்று வகை உண்டு, எனவே சொல் அடைமொழியையும் தாங்க வேண்டும். முதிர்ந்த பிறகும் தோலுரிக்கும்போதெல்லாம் வளையம் கூடிக்கொண்டே போனால் ‘தொடர் வளையச்சேர்ப்பு’. தட்டை மரவட்டைகள் பலவற்றில் வளையங்கள் 7, 9, 12, 15, 17, 18, 19 என்று ஏறி 20இல் முடியும், தோலுரிப்பும் அத்தோடு சரி. இது ‘முற்று வளையச்சேர்ப்பு’.

மூன்றாவதுதான் சிக்கல். பந்துபோல் சுருளும் உருண்டை மரவட்டைகளில் ஒரு கட்டத்தில் வளையம் சேர்வது நின்றுவிடும், தோலுரிப்பு மட்டும் தொடரும். இதற்கு ‘அரை வளையச்சேர்ப்பு’ என்றால் வேலை பாதியில் நின்றதாகத் தோன்றும். எண்ணிக்கை நிறைந்த பிறகுதானே நிற்கிறது. ‘முன்பருவ வளையச்சேர்ப்பு’ என்று வைக்கலாமா? பொருள் சரியாக இருக்கிறது, நீளம்தான் இடிக்கிறது. இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.