சோளம் கொடுக்கத் தொடங்கிய பிறகு மட்டக்குதிரை வெருள்கிறது, கடிக்க வருகிறது: சாப்பாட்டால் குணம் மாறுமா?

கோப்பாய்க்காரன்:
வணக்கம். நாலு மாதத்துக்கு முன் நுவரெலியாவிலிருந்து ஒரு மட்டக்குதிரை வாங்கி வந்தேன். ஆறு வயது, நலமடித்தது. திருவிழா, கலியாண வீடுகளில் சின்னப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றலாம் என்றுதான் வாங்கினேன். வந்த புதிதில் அப்படி ஒரு சாது, என் மகள் அதன் வயிற்றுக்குக் கீழால் புகுந்து போவாள், அசையாது. இப்போது ஒன்றரை மாதமாக வேறு குதிரை மாதிரி இருக்கிறது. காற்றுக்கு வேலிக் கிடுகு அசைந்தாலே வெருள்கிறது, வயிற்று வாரை இறுக்கப் போனால் திரும்பிக் கடிக்க வருகிறது, இரவில் கொட்டில் மரத்தூணை, அந்தக் கப்பைக் கொறித்துக்கொண்டு நிற்கிறது. போன வெள்ளி மேளச் சத்தத்துக்குப் பின்னங்காலைத் தூக்கி அடித்துவிட்டது. நல்லவேளை மேலே பிள்ளை இல்லை.

மாறினது சாப்பாடு மட்டும்தான். மெலிந்திருந்ததால், பக்கத்து வளவில் சவாரி மாடு வைத்திருக்கும் அண்ணை சொன்னபடி காலையும் பின்னேரமும் இரண்டு பேணி இடித்த சோளம், கொஞ்சம் உழுந்து, தவிடு. இடையில் ஒரு கட்டு வைக்கோல். கட்டித்தான் வைத்திருக்கிறேன். இதுதான் காரணமா, அல்லது கெட்ட குதிரையை என் தலையில் கட்டிவிட்டார்களா?

தீவான்:
எங்கள் நெடுந்தீவுக் குதிரைகள் சோளத்தைக் கண்ணால் கண்டதில்லை தம்பி. காய்ந்த புல்லைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்க நடந்து திரியும். வறட்சியில் தண்ணீர் இல்லாமல் பாடுபடும், அது வேறு கதை.

வடமராட்சி அண்ணை:
பேணி என்றால் என்ன பேணி? கடைத் தராசில் ஒருக்கால் நிறுத்துவிட்டுச் சொல்லுங்கள். குதிரையின் நிறையும் வேண்டும். தையல் நாடாவால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவுங்கள், தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளம் எடுங்கள், இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் பிரித்தால் கிட்டத்தட்டக் கிலோக் கணக்கு வரும்.

கோப்பாய்க்காரன்:
சுற்றளவு 135, நீளம் 125. ஏறத்தாழ 190 கிலோ வருகிறது. பேணி பழைய பால்மாப் பேணி, ஒரு பேணிச் சோளம் 700 கிராம். அப்படியென்றால் ஒரு வேளைக்கு 1.4 கிலோ! நான் ஒரு கிலோவும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடமராட்சி அண்ணை:
அங்கேதான் பிழை. சோளத்தில் பத்தில் ஏழு பங்கு மாப்பொருள், ஆக உங்கள் குதிரைக்கு ஒரு வேளைக்கே ஒரு கிலோ மாப்பொருள் போகிறது. குதிரையின் ஒரு கிலோ நிறைக்கு வேளைக்கு ஒரு கிராம் என்பதுதான் கவனமான அளவு, அதாவது 190 கிராம். ஐந்து மடங்கு கொடுத்திருக்கிறீர்கள். அவ்வளவையும் சிறுகுடல் செமிக்காது, மிச்சம் குருட்டுக்குடலுக்கும் பெருங்குடலுக்கும் போய்ப் புளித்து அமிலமாகும். சாணம் இளகிப் புளிச்ச மணம் வருகிறதா பாருங்கள். வயிறு சரியில்லாத குதிரை, அதோடு வேலையும் இல்லாமல் கட்டியபடியே நிற்கிறது, வெருளாமல் என்ன செய்யும்?

மற்றது வைக்கோல். குதிரையின் இரைப்பையில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், ஆனால் அதைத் தணிக்கிற உமிழ்நீர் மென்றால்தான் வரும். நுவரெலியாவில் நாள் முழுக்க மேய்ந்தது இங்கே மணிக்கணக்கில் வெறும் வாயோடு நிற்கிறது, அதுதான் கப்பைக் கொறிக்கிறது. வார் இறுக்கும்போது கடிப்பதும் இரைப்பைப் புண்ணாக இருக்கலாம்.

ஒரு நாளைக்கு நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீவனம் வேண்டும், உங்களுக்கு 3.8 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அது பதினெட்டு, பத்தொன்பது கிலோப் புல். வைக்கோலை மட்டும் நம்ப வேண்டாம், சத்தும் இல்லை, குடலை அடைக்கவும் கூடும். சோளத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் பத்து நாளில் குறைத்து விடுங்கள். உடம்பு தேற வேண்டுமென்றால் தேங்காய்ப் பிண்ணாக்கு நல்லது, மாப்பொருள் குறைவு, ஆனால் ஊறி உப்பும் வரை தண்ணீரில் போட வேண்டும், பூஞ்சணம் பிடித்ததைத் தொடவே கூடாது. தவிட்டைக் குறையுங்கள், அதில் பொசுபரசு கூட, கல்சியம் குறைவு. ஒரு கட்டி கல்லுப்பு வையுங்கள்.

சவாரிக்காரன்:
நானும் மாடுதான் வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம், அந்த அண்ணை சொன்னது மாட்டுக்குப் பெரிய பிழையில்லை. மாட்டுக்கு முன்னாலேயே பெரிய வயிறு, போட்டதெல்லாம் முதலில் அங்கே ஊறும். குதிரைக்கு அந்த வேலை பின்பக்கத்தில் நடக்கிறது. மாட்டுக்கும் சோளம் திடீரென்று கூடினால் வயிறு ஊதும்.

ஓய்வு பெற்றவன்:
மிருக வைத்தியத் துறையில் இருந்தவன் என்பதால் ஒரு சொல். எல்லாப் பழியையும் சோளத்தில் போடாதீர்கள். பல்லோரம் கூராகிக் கன்னத்தைக் குத்தினாலும், சேணம் முதுகில் அழுத்தினாலும் குதிரை கடிக்கும். வைத்தியரை ஒருக்கால் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டுங்கள். தினமும் குளம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, முன்னங்காலை நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றாலோ குளம்பு அழற்சி, அன்றைக்கே வைத்தியர் பார்க்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, வயிற்றுக்குத்து வந்தால் பொறுத்துப் பார்க்கிற நோய் இல்லை.

கோப்பாய்க்காரன் (மூன்று கிழமைக்குப் பிறகு):
எல்லாருக்கும் நன்றி. வைத்தியர் வந்தார், கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் கூர்தான், அராவிவிட்டார். குளம்பு சரி. சோளம் இப்போது இல்லை. புல்லைப் பழைய வலையில் கட்டித் தொங்கவிட்டேன், முதல் நாளே முன்னங்கால் வலைக் கண்ணுக்குள் போய்விட்டது, அதனால் இப்போது தலை உயரத்தில் கட்டி நாலு தரம் பிரித்துப் போடுகிறேன். சாணம் உருண்டையாக விழுகிறது. கப்பைத் தொடுவதில்லை. வார் கட்டும்போது காதை மடக்கும், ஆனால் திரும்புவதில்லை. மேளத்தை இன்னும் நம்பவில்லை, அதனால் இந்தத் திருவிழாவுக்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்து அண்ணைக்கு விசயத்தைச் சொன்னேன், "அப்ப மிச்சச் சோளத்தைத் தாவன்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு கேள்வி: குளம்பு வெட்ட யாழ்ப்பாணப் பக்கம் ஆள் யாராவது இருக்கிறார்களா? மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர் மாட்டேன் என்கிறார்.