சிக்னல் நேரத்தை மாற்றினால் எரிபொருள் மிச்சமாகுமா: எந்த மாதிரியைக் கொண்டு கணக்கிடுவது?

கேள்வி | காரைக்குடி முதுகலை மாணவி

வணக்கம். காரைக்குடி 100 அடிச் சாலையிலிருந்து தேவகோட்டை ரஸ்தா வரையிலான தடத்தில் சிக்னல் நேரங்களை மாற்றியமைத்தால் எரிபொருள் செலவும் புகையும் எவ்வளவு குறையும் என்பதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். சராசரி வேகத்தை வைத்துக் கணக்கிடும் ஐரோப்பாவின் கோபர்ட் முறை, பேருந்தும் ஷேர் ஆட்டோவும் ஸ்கூட்டரும் கலந்து ஓடும் நம் ஊருக்குப் போதுமா? போதாதென்றால், வேறு முறைக்கான தரவை ஒரு மாணவியால் திரட்ட முடியுமா?

மறுமொழி | போக்குவரத்துப் பொறியாளர், திருப்பத்தூர்

ஒரு மாவட்டத்தின் ஆண்டுக் கணக்கைப் போடுவதற்குக் கோபர்ட் நல்ல கருவிதான். ஒரு சந்திப்பில் செய்யும் மாற்றத்தை அளப்பதற்கு அது உதவாது. சீராக 20 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியும், நின்று நின்று கிளம்பி அதே சராசரியில் செல்லும் வண்டியும் அந்த முறையில் ஒன்றாகிவிடும். உண்மையில் செலவு கிளம்பும்போதுதான் ஏற்படுகிறது. 10 டன் எடையுள்ள பேருந்து நின்ற நிலையிலிருந்து 40 கி.மீ. வேகத்தை எட்டுவதற்குச் சுமார் 617 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் இருக்கிறது. அதில் 30 விழுக்காடு சக்கரத்துக்குச் சேர்வதாகக் கொண்டால், ஒவ்வொரு முறை நின்று கிளம்புவதற்கும் 57 மி.லி. டீசல் தீரும்.

ஆகவே வினாடிவாரியான வேகமும் முடுக்கமும் உங்களுக்குக் கட்டாயம் தேவை. கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸைக் கொண்டே இவற்றைப் பதிவு செய்யலாம். அவற்றிலிருந்து ஒரு டன் எடைக்குத் தேவைப்படும் திறனைக் கணக்கிட்டு, அத்திறனுக்கேற்ப வினாடிகளை வகைப்படுத்துங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மூவ்ஸ் மாதிரியும் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. அத்திறனைத் தரும் சமன்பாட்டில் சாலையின் ஏற்ற இறக்கத்துக்கும் ஓர் உறுப்பு உண்டு. நம் பகுதி சமவெளி என்பதால், பாலங்கள் தவிர்த்த மற்ற இடங்களில் அதை விட்டுவிடலாம். முகூர்த்த நாள்களில் வெளியூர்க் கார்களும் வேன்களும் வந்து குவிவதால், அந்த நாள்களின் பதிவுகளைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி | வாகனப் பட்டறை நடத்துபவர், தேவகோட்டை

கரியமில வாயுவை எரிபொருளின் அளவிலிருந்தே கணக்கிடலாம்: ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ, பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ. கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அப்படிக் கணக்கிட இயலாது, தங்கையே. புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கி நன்கு சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். கடைவீதிக்குப் போய்த் திரும்பும் ஸ்கூட்டரில் பாதித் தூரம் அது சூடேறாமலே இருக்கக்கூடும். மேலும் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற வாகனப் புகைத் தரநிலை நடைமுறைக்கு வந்திருப்பதால், அதற்கு முந்தைய வண்டிகள் எத்தனை ஓடுகின்றன என்று கணக்கெடுக்காமல் ஒரே உமிழ்வுக் காரணியை (கி.மீ.க்கு எவ்வளவு புகை என்ற எண்ணை) எல்லா வண்டிக்கும் போடுவது தவறாக முடியும்.

மாணவியின் பதில்

இருவருக்கும் நன்றி, ஐயா. இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் சிக்னல் சுற்றே (ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரையிலான நேரமே) எரிபொருளையும் குறைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி | போக்குவரத்துப் பொறியாளர், திருப்பத்தூர்

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பல ஆய்வுகள் வழுக்குவது இந்த இடத்தில்தான். போக்குவரத்து ஆய்வாளர் வெப்ஸ்டர் சுற்றின் நீளத்துக்கு 1958இல் தந்த சூத்திரம் தாமதத்தை மட்டுமே குறைக்கிறது. ஆக்செலிக் என்ற மற்றோர் ஆய்வாளர் அதை விரித்து, வண்டி நிற்பதற்கும் ஓர் எடையைச் சேர்த்தார். தாமதத்தை மட்டும் குறைக்க அவ்வெடை 0, எரிபொருளைக் குறைக்க 0.4. ஒரு சுற்றில் வீணாகும் நேரம் 12 வினாடி, சந்திப்பின் நெரிசல் விகிதம் (வரும் வண்டிகளுக்கும் சாலை தாங்கும் அளவுக்கும் உள்ள விகிதம்) 0.7 என்று வைத்துக்கொண்டால், தாமதம் மிகக் குறையும் சுற்று 76 வினாடியாகவும் எரிபொருள் மிகக் குறையும் சுற்று 92 வினாடியாகவும் வருகின்றன. சுற்று நீண்டால் வண்டிகள் நிற்கும் தடவைகள் குறைகின்றன, ஆனால் நிற்பவை கூடுதல் நேரம் நிற்கின்றன. அந்த நேரத்தில் எத்தனை பேர் இன்ஜினை அணைக்கிறார்கள் என்பதை நீங்களே சந்திப்பில் நின்று எண்ணிவிடுங்கள். எந்த மென்பொருளும் அதை உங்களுக்குச் சொல்லாது.

கணினியில் ஓட்டிப் பார்க்கக் சூமோ என்ற கட்டணமில்லாத போக்குவரத்து மென்பொருள் போதும். இருசக்கர வண்டிகள் இடைவெளியில் நுழைந்து முன்னே வந்து நிற்பதைக் காட்ட, ஒரு தடத்தைக் குறுகிய பட்டைகளாகப் பிரிக்கும் அதன் துணைத்தட வசதியைப் பயன்படுத்துங்கள். அதன் உமிழ்வு அட்டவணைகள் ஐரோப்பிய வண்டிகளுக்கானவை என்பதால், ஷேர் ஆட்டோவில் டேங்க்கை நிரப்பி, பல நாள் ஓட்டி, மீண்டும் நிரப்பி, தீர்ந்த அளவோடு மாதிரியின் விடையை ஒப்பிட்ட பிறகே முடிவுகளை எழுதுங்கள்.