கிராம சபையில சொல்றது தீர்மானப் புத்தகத்துல ஏறவே மாட்டேங்குது, என்ன பண்றதுங்க?

சென்னிமலைக்காரி:
பெருந்துறைப் பக்கம் ஒரு ஊராட்சிங்க. மக்கள்தொகை 4,200 சொச்சம், மகளிர் குழு 16. பொம்பளைங்க கேக்கறது மூணே விசயம். காலையில ஷிப்டுக்குப் போக அஞ்சரை மணிவாக்குல ஒரு டவுன் பஸ், பஸ் ஸ்டாப்புகிட்ட ஒரு கழிப்பிடம், ஸ்டாப்புல இருந்து காலனி வரைக்கும் தெருவிளக்கு. மூணு கிராம சபையில சொல்லியாச்சு. "எழுதிக்கறோம்"ங்கறாங்க, அப்புறம் பார்த்தா புத்தகத்துல இல்லை. 2025 சனவரி 5-ஓட தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு, அவருக்குப் பதிலா அரசு போட்ட தனி அலுவலர்தான். நேரா கலெக்டர்கிட்ட மனு கொடுத்தரலாமா? அதுக்கும் மேல, சட்டம் போடற எடத்துல நம்ம பேச்சு ஏறோணும்னா வழி இருக்குதுங்களா?

ஊராட்சிக்கணக்கு:
ஏனுங்க அக்கா, உங்க கையில இருக்கற பிடி என்னன்னு மொதல்ல பாருங்க. கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லறதுக்குக் குறைஞ்சது இத்தனை பேர் வரணும்னு கணக்கு இருக்குது. மக்கள்தொகை 500 வரைக்கும் 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. உங்க ஊருக்கு 200. குழுவுக்கு 12 பேர்னு வெச்சாலும் 16 குழுவுல 192 பேர். நீங்க வராட்டி கூட்டம் கூட்டறதே அவங்களுக்குச் சிரமம். அதனாலதான் குழுக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வெக்கறாங்க. அந்தப் பலத்தைக் கையெழுத்தோட விட்டுட்டு வந்துடறோம்.

சிக்கல் அந்தக் கையெழுத்துலயேதான். உள்ள நுழையறப்பவே வருகைப் பதிவேட்டுல கையெழுத்து வாங்கிருவாங்க, தீர்மானம் சாயங்காலம் ஆபீஸ்ல உக்காந்து எழுதப்படும். வாயில சொன்னது அங்க கரைஞ்சு போகும். அதுக்கு இப்படிச் செய்யுங்க.

கூட்டத்துக்கு ஏழெட்டு நாள் முன்னாடியே தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி, தனி அலுவலர் பேருக்கு ரெண்டு பிரதி கொண்டுபோங்க. ஒண்ணுல தேதியோட முத்திரை வாங்குங்க. முத்திரை போட மாட்டேன்னா பதிவுச் சேவையோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, போய்ச் சேர்ந்ததுக்குச் சான்று வெச்சுக்கங்க. ஒரு கோரிக்கைக்கு ஒரு தாள். மூணையும் ஒண்ணா எழுதினா "ஆவன செய்யப்படும்"னு ஒரே வரியில முடிச்சுருவாங்க. வாசகம் இந்த மாதிரி இருக்கட்டும்:

"... பேருந்து நிறுத்தம் அருகில் புல எண் ...-ல் உள்ள புறம்போக்கு நிலத்தில், தண்ணீர்த் தொட்டி மற்றும் மின்விளக்குடன் மகளிர் சமுதாயக் கழிப்பிடம் கட்டும் பணியை 20..-.. ஆண்டு கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்ப்பது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

புல எண்ணை (சர்வே நம்பர்) ஊகத்துல எழுதாதீங்க. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட 'அ' பதிவேடுங்கற நிலக் கணக்கைப் பார்த்து எழுதுங்க. இடம் நெடுஞ்சாலைத் துறை ஓரமா இருந்தா அவங்க தடையின்மைச் சான்று இல்லாம ஒரு கல்லு வெக்க முடியாது. அதைச் சாக்காச் சொல்லியே ரெண்டு வருசம் ஓடிரும்.

கூட்டத்தன்னைக்கு, கலையறதுக்கு முன்னாடி எழுதின தீர்மானத்தைச் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. படிச்சு முடிஞ்ச பக்கத்தை ரெண்டு பேர் போன்ல படம் எடுத்துக்கங்க. வருகைப் பதிவேட்டுலயும் கடைசிக் கையெழுத்துக்குக் கீழ கோடு போட்டு, மொத்தம் எத்தனை பேர்னு எழுத்துல எழுதச் சொல்லுங்க.

பழைய மூணு கூட்டத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்க. வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தேதி குறிப்பிட்டு "தீர்மானப் பதிவேடு, வருகைப் பதிவேடு பக்கங்களின் நகல்" மட்டும் கேளுங்க. "ஏன் எழுதலை"ன்னு கேக்காதீங்க. ஏன், எதுக்குன்னு கேட்டா அது தகவல் இல்லைன்னு தள்ளிருவாங்க. பதிலுக்கு 30 நாள். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு.

பவானிக்கரை:
மேல சொன்னது சரி. ஆனா உங்க மூணு கோரிக்கையும் மூணு வாசல்ங்க. எல்லாத்தையும் ஊராட்சி வாசல்ல போய்த் தட்டறதுதான் பாதித் தோல்விக்குக் காரணம்.

தெருவிளக்கு சுத்தமா ஊராட்சி வேலை. இருக்கற கம்பத்துல விளக்கு மாட்டறது சுலபம். புதுக் கம்பம் நடணும்னா மின்வாரியத்துக்குப் பணம் கட்டணும், மாசக்கணக்காகும். அதனால ராத்திரி ஒரு நடை நடந்து, இருட்டா இருக்கற இடத்துக் கம்பத்து எண்ணெல்லாம் குறிச்சு, "இந்த எண்ணுல விளக்கு வேணும், இந்த ரெண்டுக்கும் நடுவுல கம்பமே இல்லை"ன்னு பிரிச்சு எழுதுங்க.

கழிப்பிடத்துக்குப் பணம் எங்கன்னு தெரிஞ்சு கேளுங்க. மத்திய அரசு ஊராட்சிக்குத் தர்ற 15-வது நிதிக்குழு மானியத்துல (2026 மார்ச் வரைக்கும்) 30% சுகாதாரத்துக்கு, 30% குடிநீருக்குன்னு கட்டிப்போட்டது, மீதி 40% மத்த தேவைக்கு. தூய்மை பாரத இயக்கம் ரெண்டாம் கட்டத்துல சமுதாயக் கழிப்பிடத்துக்கு 3 லட்சம் வரைக்கும் உண்டு. அதுல 70% இயக்கத்து நிதி, 30% நிதிக்குழு மானியம். "காசு இல்லை"ங்கறவங்ககிட்ட இந்தக் கணக்கைச் சொல்லுங்க. கட்டினப்புறம் பூட்டிக் கெடக்கறதுக்குக் காரணம் எப்பவும் ரெண்டுதான்: தண்ணி இணைப்பு மதிப்பீட்டுலயே இருக்காது, கழுவறது யாருன்னு எழுதியிருக்காது. ரெண்டையும் தீர்மானத்துலயே சேர்த்துருங்க.

பஸ்ஸுக்கு ஊராட்சி தீர்மானம் வெறும் துணைக் காகிதம். முடிவு போக்குவரத்துக் கழகத்துது. "புது பஸ் விடு"ன்னா வண்டி இல்லைம்பாங்க. ஏற்கெனவே ஓடற வண்டியோட முதல் நடையை முன்னாடி நகர்த்தச் சொல்லியோ, பக்கத்து ஊரோட திரும்பற வண்டியை உங்க ஸ்டாப் வரைக்கும் நீட்டச் சொல்லியோ கேளுங்க. தடம் எண், இப்பத்த நேரம், வேணுங்கற நேரம், ஒரு வாரம் தினமும் ஸ்டாப்புல நிக்கற பொம்பளைங்க எண்ணிக்கை, எந்தக் கம்பெனி ஷிப்டு எத்தனை மணிக்கு, இவ்வளவும் ஒரே தாள்ல கிளை மேலாளருக்கு. நகல் பொது மேலாளருக்கு. இன்னொண்ணு, கட்டணமில்லாப் பயணம்தானேன்னு டிக்கெட் வாங்காம எறங்கிடாதீங்க. டிக்கெட் கிழிச்சாத்தான் நீங்க ஏறினதுக்குக் கணக்கு. இல்லைன்னா அந்த நடையில ஆளே இல்லைன்னு அவங்க டிக்கெட் கணக்கு பேசும்.

கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனுவை நான் கடைசிக்குத்தான் சொல்லுவேன். அது சுத்திச் சுத்தி அதே வட்டார வளர்ச்சி அலுவலர் மேசைக்குத்தான் வரும். தீர்மான நகலும் தகவல் உரிமைப் பதிலும் கூட வெச்சுக் கொடுத்தா மட்டும் எடை கூடும்.

சென்னிமலைக்காரி:
ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம்: கல்யாணம் ஆகி வந்த பிள்ளைங்க நிறையப் பேருக்கு ஓட்டு இன்னும் பொறந்த ஊர்லயே இருக்குது. அவங்க கையெழுத்து செல்லுமா?

ஊராட்சிக்கணக்கு:
செல்லாதுங்க. அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கறவங்கதான் கிராம சபை உறுப்பினர். எதிர்க்கிறவங்க மொதல்ல நோண்டறது இதைத்தான். வாக்காளர் முகவரி மாத்தற படிவம் 8 போட்டு, பேரை இந்த ஊர்ப் பட்டியலுக்கு மாத்திக்கச் சொல்லுங்க. மில் ஹாஸ்டல்ல தங்கியிருக்கற வெளியூர்ப் பிள்ளைங்களுக்கும் இதே கதை. அவங்க தேவையைக் கணக்குல எழுதலாம், கையெழுத்துல சேர்க்காதீங்க.

இன்னொரு வழி விட்டுப்போச்சு. குழுக்கள் சேர்ந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வருசா வருசம் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம்னு ஒண்ணு தயாரிக்கணும். அதுல பொதுச் சொத்து, சேவைகள்னு ஒரு பகுதி உண்டு. அக்டோபர் 2-ல இருந்து சனவரி 31 வரைக்கும் ஊராட்சித் திட்டம் போடற காலம். அதுக்கு முன்னாடியே இதை முடிச்சு உள்ள சேர்த்தாகணும். பல ஊர்ல போன வருசத்து ஏட்டையே நகல் எடுத்து ஏத்திடறாங்க. சேர்ந்துச்சான்னு ஊராட்சித் திட்டமெல்லாம் ஏத்தற இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்துல ஊராட்சி பேரைப் போட்டுப் பார்க்கலாம்.

கொடுமுடி வாசகன்:
மேல்மட்டத்தைப் பத்தி யாரும் சொல்லலையே, சுருக்கமாச் சொல்றேன்.

மாநிலத்துல, சட்டப்பேரவை மனுக்கள் குழு மாவட்டம் மாவட்டமா வரும், மனு கேட்டு அறிவிப்பும் வரும். பல வருசமாத் தீராத பொதுப் பிரச்சினையா இருக்கணும், ஒரு மனுவுல ஒரே பிரச்சினை, ஒரே துறை. அஞ்சு பிரதி, தமிழ்ல. பட்டா, முதியோர் உதவித்தொகை, வேலை, கடன், கோர்ட்ல இருக்கற விசயம் எதையும் எடுத்துக்க மாட்டாங்க. பஸ் கோரிக்கை அவங்களுக்குப் பொருந்தும். எம்.எல்.ஏ.வைப் பார்க்கறதுன்னா தொகுதி மேம்பாட்டு நிதிக்குப் (வருசம் 3 கோடி) பாருங்க, கழிப்பிடம் அதுலயும் நடக்கும்.

டெல்லியில, ஒரு மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு (மசோதாவை ஆராயற எம்.பி.க்கள் குழு) போனா பொதுமக்கள் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். பெண் திருமண வயசை 21 ஆக்கற 2021 மசோதா அப்படி நிலைக்குழுவுக்குப் போனதுதான். மக்களவைக் காலம் முடிஞ்சு 2024-ல காலாவதியாச்சு. அவகாசம் ரெண்டு வாரம் போலத்தான் கிடைக்கும், அதனால விளம்பரம் வந்தப்புறம் ஆள் திரட்டினா ஆகாது. இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ மசோதாவோட எந்தப் பிரிவு, என்ன மாத்தணும், உங்க ஊர்க் கணக்கு என்னன்னு ரெண்டு மூணு பக்கம். நேர்ல வந்து சொல்லத் தயார்னா அதையும் அதுலயே எழுதணும். அனுப்பின குறிப்பு குழுவோட ரகசிய ஆவணம் ஆயிடும், வாட்ஸ்அப்ல சுத்த விட்டுடாதீங்க.

மக்களவையிலயும் சட்டப்பேரவையிலயும் மகளிருக்கு மூணுல ஒரு பங்கு இடம் தர்ற அரசியல் சாசன 106-வது திருத்தம் 2023-லயே நிறைவேறியாச்சுன்னு சிலர் நிம்மதியா உக்காந்திருக்காங்க. சட்ட வாசகப்படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிஞ்சாத்தான் அந்த ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும். நம்ம ஊராட்சியில 2016 திருத்தத்துலயே பாதி இடம் பெண்களுக்கு. அடுத்த தேர்தல்ல யார் நிக்கறதுன்னு குழுவுல இப்பவே பேசி, அவங்களை இந்த மூணு மனுவுலயும் முதல் கையெழுத்தாப் போட வைங்க. நாளைக்குத் தலைவரம்மா வூட்டுக்காரர் நாற்காலியில உக்கார வந்தா, கோப்பைத் தொட்ட கை யாருதுன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்.

சென்னிமலைக்காரி:
கம்பத்து எண்ணு குறிக்க இன்னைக்கு ராத்திரியே நாலு பேர் போறோமுங்க. சில கம்பத்துல பெயிண்ட் அழிஞ்சிருக்குது, அதுக்கு என்ன எழுதறது?

பவானிக்கரை:
முன்னாடி பின்னாடி இருக்கற கம்பத்து எண்ணும், எதிர்ல இருக்கற வூட்டுக் கதவு எண்ணும் போதும்ங்க. லைன்மேனுக்குப் புரியும்.