கேரளா பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் டீச்சர் யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க, எங்க பங்கு கோயில் நடத்துற சின்ன ஸ்கூலுக்காக கேக்குறேன், 2013ல புதுசா வந்த சுல்தான்பேட்டை மறைமாவட்டத்துல வர்ற பங்கு. கத்தோலிக்கப் பிள்ளைங்க கொஞ்சம்தான், தென்னந்தோப்பு வேலைக்குப் போறவங்க பிள்ளைங்க, ராவுத்தர் வீட்டுப் பிள்ளைங்க, மலையாளம் பேசுற பிள்ளைங்கன்னு எல்லாரும் ஒரே பெஞ்சுலதான் உக்காருவாங்க, மத்தியானம் சோறும் ஒண்ணாத்தான், அதுக்காகவே இந்த ஸ்கூல் நல்லா இருக்கணும்னு தோணுது.

மூணாங்கிளாஸ் தமிழ் டீச்சர் பிரசவ லீவுல போறாங்க, ஜூன்ல ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள ஆள் வேணும். டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சு கேரளா டெட் (டீச்சர் தகுதித் தேர்வு) பாஸானவங்க இருந்தா ரொம்ப நல்லது. பங்குல இருந்துதான் சம்பளம், கம்மிதான், முன்னாடியே சொல்லிடறேன். பொள்ளாச்சில இருந்து வர்றதுக்கும் பஸ் இருக்கு. தெரிஞ்சவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, வீட்டுல சும்மா கெடக்குற தமிழ் கதைப் புக்கு இருந்தாலும் குடுங்க, வந்து வாங்கிக்கிறோம்.